அரை மணி நேரப் பேச்சு இரண்டு வரியானது எப்படி?

கேள்வி: என் மூத்த மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உப்பளத் தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள் பற்றித் தன் பேராசிரியர் செய்யும் ஆராய்ச்சியில் அவளும் சேர்ந்திருக்கிறாள். கெமிக்கல், பஸ், பிரிண்ட் என்று மாதாமாதம் பணம் போகிறது. சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை விசாரித்தோம். ஒரு நாளைக்கு அவர் கேட்கும் தொகை எனக்கு ஒரு வாரச் சம்பளம். நான் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறேன். நல்லவேளை, பிளஸ் டூ படிக்கும் இளையவளுக்குச் சைகை நன்றாகத் தெரியும். சனிக்கிழமைகளில் அக்காவுடன் போய்வருகிறாள். சார் அரை மணி நேரம் பேசியதை இரண்டே வரியில் சொல்லிவிடுகிறாள், அவ்வளவு கெட்டிக்காரி! ஆனால் இரண்டு மாதமாக நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் ஒன்றும் வளரவில்லை என்று மூத்தவள் சோர்ந்து கிடக்கிறாள். ஆராய்ச்சிக்கு உதவித்தொகை ஏதும் உண்டா? இல்லை, டிகிரியை மட்டும் முடித்தால் போதும் என்று நிறுத்திவிடட்டுமா?
(பெயர் வேண்டாம், தூத்துக்குடி)

பதில்: அண்ணாச்சி, பணத்துக்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் அந்த இரண்டு வரியைப் பேசுவோம். பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறீர்கள்.

ஒரு பேராசிரியர் அரை மணி நேரம் பேசியிருக்கிறார். உங்கள் மகளுக்குக் கிடைத்தது இரண்டு வரி. மீதியை வேண்டாம் என்று ஒதுக்கியது யார்? பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்ய அவளுக்கு மைக்ரோபயாலஜி தெரியுமா? புரியாத பேச்சைச் சுருக்கும்போது தனக்குப் புரிந்ததைத்தான் யாரும் சொல்வார்கள். "சார் மறுபடியும் செய்யச் சொல்றார், கவனமா செய்யச் சொல்றார்." அந்த இரண்டு வரி இதுவாகத்தான் இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

கடைசிப் பாத்தியில் தண்ணீர் ரோஸ் நிறத்துக்குத் திரும்புவதை வருஷா வருஷம் பார்ப்பவர் நீங்கள். அந்த நிறத்துக்கு ஒரு காரணம் உங்கள் மகள் தேடுகிற உயிர்கள்தான். சாதாரண வளர்ப்பு ஊடகத்தில், அதாவது நுண்ணுயிருக்குத் தீனியாகத் தட்டில் ஊற்றும் கலவையில், உப்பு அரை சதவீதம்தான் இருக்கும். அதில் இவை தலைகாட்டாது. பதினைந்து, இருபது சதவீதம் உப்பு வேண்டும். குடல் பாக்டீரியா ராத்திரி வைத்தால் காலையில் வளர்ந்து நிற்கும். இவற்றில் பலவற்றுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும். அத்தனை நாளில் தட்டு காய்ந்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைப்பார்கள். இதையெல்லாம் எந்தப் பேராசிரியரும் தலைப்புப் போட்டுச் சொல்வதில்லை. தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, பாதி தனக்குள் பேசுவது மாதிரிச் சொல்வார். அந்த மாதிரிப் பேச்சுதான் இரண்டு வரியில் முதலில் அடிபடும். உங்கள் மகளின் தட்டில் என்ன கோளாறு என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குத் திறமை போதாது என்று நீங்கள் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தால், அதை இப்போதே நிறுத்துங்கள்.

அடுத்தது இளையவள். மார்ச்சில் அவளுக்குப் பொதுத்தேர்வு. சனிக்கிழமை தோறும் அக்காவின் ஆராய்ச்சியைச் சுமக்க அனுப்புகிறீர்கள். தங்கை அக்காவுக்கு உதவக் கூடாதா என்று கேட்பீர்கள். கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் உதவட்டும். ஒரு கல்லூரி செய்ய வேண்டிய வேலையைச் சம்பளமில்லாமல் பள்ளிப் பிள்ளையிடம் வாங்குவதற்கு உதவி என்று பெயர் இல்லை. தப்பாகச் சொன்னால் அக்காவின் தட்டு கெட்டுப்போகும் என்ற பயம் அவளுக்கு இருக்காதா? அவளிடம் கேட்டீர்களா? அடுத்த ஜூனில் அவளும் எங்காவது படிக்கப் போய்விடுவாள், அப்போது மூத்தவள் யார் கையைப் பிடித்துக்கொண்டு போவாள்?

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். இளையவளுக்குச் சைகை நன்றாகத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்குத் தெரியாது, உங்கள் வீட்டில் அம்மாவுக்கும் தெரியாது. பத்தொன்பது, இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற மகளுடன் "சாப்பிட்டாயா", "பணம் வேணுமா" என்பதற்கு மேல் உங்களால் பேச முடியாது. ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்காருகிறீர்கள். யாரோ ஏதோ சொல்லி எல்லோரும் சிரிக்கிறீர்கள். அவள் நிமிர்ந்து, என்ன என்று கேட்கிறாள். "அப்புறம் சொல்றேன்" என்று கை காட்டுகிறீர்கள். காது கேளாத பிள்ளைகள் உலகம் முழுக்கச் சொல்லும் குறை இது. கல்லூரியில் இரண்டு வரி கிடைத்தபோது அவள் ஏன் சண்டை போடவில்லை என்று இப்போது தெரிகிறதா? வீட்டில் அவளுக்குப் பழகிய அளவு அதுதான். உங்கள் நீண்ட கடிதத்தில்கூட, ஆராய்ச்சியைத் தொடர வேண்டுமா என்பதற்கு அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை இல்லை. நிறுத்துவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்!

பெற்ற பிள்ளையின் மொழியைக் கற்றுக்கொள்வது பெற்றவர் கடமை. வேலை இருக்கிறது, வயதாகிவிட்டது என்பதையெல்லாம் நான் ஏற்கமாட்டேன். டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதி போட்டிருக்கிறது. 'சைன் லேர்ன்' என்ற செயலியும் அவர்களுடையதுதான். அதைவிட நல்ல வாத்தியார் உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். மூத்தவளிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் செலவு உங்களுடையது அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அவரவர் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைப் பற்றிப் பேசுகிறது. அதை மறுப்பதையும் பாகுபாட்டில் சேர்க்கிறது. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் ஆராய்ச்சி நடந்தால், மாற்றுத்திறனாளி மாணவருக்கு வேண்டிய கருவிக்கும் உதவியாளருக்கும் பேராசிரியரே கூடுதல் நிதி கேட்க வழி உண்டு. அப்பாவின் சம்பளத்தை அங்கே யாரும் விசாரிப்பதில்லை. இங்கே அவ்வளவு ஒழுங்கு கிடையாதுதான். அதனால்தான் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். முதல்வருக்கும் கல்லூரியின் சம வாய்ப்பு மையத்துக்கும் கடிதம் கொடுங்கள். தினமும் முழு நாள் ஆள் வேண்டியதில்லை. வாரத்தில் முக்கியமான ஒரு கலந்துரையாடலுக்கு மணிக்கணக்கில் போதும். வீடியோ அழைப்பில் செய்தால் பயணச் செலவும் மிச்சம். பட்ஜெட் இல்லை என்பார்கள். அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம்.

காசில்லாமல் பேராசிரியர் செய்யக்கூடியதும் உண்டு. மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்திருக்கும் பெண்ணிடம் பேசிப் பயனில்லை. அவள் பார்க்கட்டும், நிமிரட்டும், பிறகு முகம் பார்த்துச் சொல்லட்டும். அளவுகளும் நாட்களும் ஒரு பொது நோட்டில் ஏறட்டும். பேச்சை எழுத்தாக்கும் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' போனில் இலவசம். காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து கூகுள் செய்தது, தமிழும் எடுக்கும். நம் வாத்தியார்கள் பேசுகிற தமிழ்-ஆங்கிலக் கலவையில் கொஞ்சம் உளறும், அதனால் நோட்டை விடக் கூடாது.

ஜான் கார்ன்ஃபோர்த் என்று ஒருவர். சிட்னிக்காரர். பல்கலைக்கழகத்தில் வகுப்பு எதுவும் காதில் விழாமல், ஆய்வுக் கட்டுரைகளை நேரடியாகப் படித்தே வேதியியல் கற்றவர். 1975-ல் நோபல் பரிசு வாங்கினார். மற்றவர்களுடன் அவர் பேச வாழ்நாள் முழுக்க உதவியவர் மனைவி ரீட்டா. அந்த அம்மாவே தேர்ந்த வேதியியல் ஆராய்ச்சியாளர், அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர். உங்கள் வீட்டுப் பிளஸ் டூ பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி பணம். யூ.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் முதல் வேலை அதுதான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் என்றால் மத்திய அரசின் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஐம்பதாயிரம் ரூபாய் 'சக்ஷம்' உதவித்தொகை தொழில்நுட்பப் படிப்புக்கானது, பி.எஸ்சி.க்கு அலைய வேண்டாம். இறுதியாண்டு வந்ததும், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்டம் பி.எஸ்சி.க்கும் உண்டா என்று விசாரியுங்கள், உண்டென்றால் பேராசிரியர் வழியாக விண்ணப்பம் போகட்டும். சில ஆயிரம்தான் வரும், ஆனால் கெமிக்கல் செலவுக்கு ஆகும். பெரிய வாய்ப்பு, மூன்று தேசிய அறிவியல் அகாதமிகள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு நல்கை. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை, கையில் உதவித்தொகை. ஆண்டுதோறும் அறிவிப்பு வரும். தான் என்ன செய்ய விரும்புகிறாள் என்பதை அதில் அவளே எழுத வேண்டும். நீங்கள் திருத்தாதீர்கள்.

வருகிற சனிக்கிழமை இளையவள் டியூஷனுக்குப் போகட்டும். மூத்தவளுடன் நீங்கள் கல்லூரிக்குப் போங்கள். அவள் சார்பில் பேசுவதற்கு அல்ல. அவள் எழுதிய கடிதத்தை அவளே முதல்வரிடம் கொடுப்பாள். அலுவலகத்தில் முத்திரை போட்ட நகலை வாங்கி வைப்பது உங்கள் வேலை. அதிகம் காக்க வைத்தால், பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் பத்துச் சைகை கற்றுக்கொள்ளுங்கள்.