காயில் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா? கம்ப்ரஸர் பற்றிய கேள்வி-பதில்

பிக்கப், எஸ்யூவி வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஸ்பிரிங் கம்ப்ரஸரை (காயில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) தொட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வீட்டு வாசலில் செய்யும் வேலைகளில் ஆளைக் கொல்லக்கூடியது இது. அதனால் சில இடங்களில் கண்டிப்பாகவே பேசுகிறேன்.

கே: இசுஸு வி-கிராஸின் முன்பக்கம் தணிந்துவிட்டது. புது ஸ்பிரிங் வாங்கிவிட்டேன். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு கம்பி கம்ப்ரஸர் போதுமா?

போதாது, வாங்காதீர்கள். அந்தக் கருவிகளில் பல, சிறிய கார்களின் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த அமைப்பு) மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற வண்டிகளின் முன் ஸ்பிரிங் கம்பியே தடிமன். கொக்கி அதை முழுதாகக் கவ்வாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பிக்கப்பின் முன் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்கவே ஏறக்குறைய 10 கிலோ விசை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டர் அமுக்கும்போது அது ஒரு டன் விசையோடு திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கும். கம்ப்ரஸரின் ஒவ்வொரு கம்பிக்கும் 500 கிலோ. அதைத் தாங்கி நிற்பது விரல் தடிமன் போல்ட்டின் மரை மட்டுமே. ஒரு பக்கக் கொக்கி நழுவினால் மொத்தப் பாரமும் மறுபக்கம் சாயும், ஸ்பிரிங் வளைந்து தெறிக்கும். அது எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

என் யோசனை இதுதான்: ஸ்ட்ரட்டை முழு அசெம்ப்ளியாக வண்டியிலிருந்து நீங்களே இறக்குங்கள். அதை ஹைட்ராலிக் அல்லது சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போய் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் பிடிக்கும் வேலையெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆபத்தான பத்து நிமிடத்தை மட்டும் சரியான மெஷினிடம் விடுகிறீர்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கே: ஸ்ட்ரட்டின் மேலே சுற்றிச் சில நட்டுகளும் நடுவில் ஒரு பெரிய நட்டும் இருக்கின்றன. எதை முதலில் கழற்றுவது?

இதைக் கேட்டதற்கு நன்றி. சுற்றியிருக்கும் சிறிய நட்டுகள் ஸ்ட்ரட்டை வண்டியோடு பிடித்திருப்பவை. இறக்குவதற்கு அவற்றை மட்டும் கழற்றினால் போதும். நடு நட்டு அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கை உள்ளே பூட்டி வைத்திருக்கிறது. கம்ப்ரஸர் மாட்டாமல் அதைக் கழற்றினால் மேல் மவுண்ட் (அந்த நட்டுகள் இருக்கும் மேல் தட்டு) முகத்துக்கு நேராகப் பறக்கும்.

கம்ப்ரஸர் மாட்டிய பிறகும் அவசரம் வேண்டாம். ஸ்பிரிங் அதன் சீட்டில் (அது உட்காரும் தட்டு) தளர்ந்து, கையால் திருப்பினால் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பாதவரை நடு நட்டில் ஸ்பானர் வைக்கவே கூடாது. கழற்றும்போது ஷாக்கின் ஷாஃப்ட் (நடுக் கம்பி) கூடவே சுற்றினால் அதன் நுனியை ஆலன் கீயால் பிடியுங்கள். ஷாஃப்ட்டின் பளபளப்பான பகுதியை பிளையரால் கவ்வினால் கீறல் விழுந்து ஆயில் சீல் போய்விடும். பழைய நட்டை மறுபடி போடாமல் புதியதையே போடுங்கள்.

கே: தெரிந்த மெக்கானிக் நல்ல கம்ப்ரஸர் தருகிறார். கொக்கியை எங்கே மாட்டுவது? எவ்வளவு அமுக்குவது?

முதலில் கருவியைப் பாருங்கள். மரை தேய்ந்திருந்தால், கொக்கி விரிந்திருந்தால், லாக் பின் இல்லாவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்றாக இருந்தால் மரைக்கு கிரீஸ் போட்டு, இரண்டு கம்பிகளையும் ஸ்பிரிங்கின் நேரெதிர்ப் பக்கங்களில் வையுங்கள். மேல் கொக்கிக்கும் கீழ்க் கொக்கிக்கும் இடையே முடிந்தவரை அதிகச் சுற்றுகள் அடங்க வேண்டும். பிறகு இந்தப் பக்கம் சில திருகு, அந்தப் பக்கம் அதே அளவு. ஒன்றை மட்டும் முறுக்கிக்கொண்டே போனால் ஸ்பிரிங் வாழைப்பழம் போல வளையும். வளைவு தெரிந்தாலே நிறுத்தித் தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.

சீட்டிலிருந்து விடுபடும் அளவுக்கு மேல் ஒரு திருகுகூடத் தேவையில்லை. சுற்றுகள் ஒன்றையொன்று தொடும்வரை போவது தவறு. வேலை முழுவதும் ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளும் சுவரைப் பார்த்திருக்கட்டும், உங்கள் உடல் பக்கவாட்டில் இருக்கட்டும். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். அமுக்கிய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

இன்னொன்று: கொக்கி படும் இடத்தில் ரப்பரோ தடித்த துணியோ வைக்கிறார்கள் சிலர். அது வழுக்கும். ஆனால் கொக்கி உரசி ஸ்பிரிங்கின் பெயின்ட் பெயர்ந்தால் அந்த இடத்தில் துரு பிடித்து, பின்னாளில் அங்கேதான் உடையும். வேலை முடிந்ததும் பெயர்ந்த இடத்துக்குப் பெயின்ட் தொட்டுவிடுங்கள்.

கே: இம்பாக்ட் கன் (நட்டை வேகமாகச் சுழற்றும் பவர் கருவி) பயன்படுத்தினால் சீக்கிரம் முடியுமே?

கம்ப்ரஸரில் வேண்டவே வேண்டாம். வேகத்தில் மரை சூடேறிப் பிய்ந்துவிடும். கை ராட்செட்டில்தான் இறுக்கம் எப்படி மாறுகிறது என்று உணர முடியும்.

கே: வண்டிப் பாரத்திலேயே ஸ்பிரிங்கை அமுக்கி, கம்பியால் கட்டிக் கழற்றுகிறார்களே?

பார்த்திருக்கிறேன். கட்டுக்கம்பி இழுபட்டு அறுவதற்கு முன்னால் எந்த அறிகுறியும் காட்டாது. செய்யாதீர்கள்.

கே: ஸ்கார்ப்பியோவின் பின் ஸ்பிரிங்குக்கும் கம்ப்ரஸர் தேவையா?

பெரும்பாலும் தேவைப்படாது. அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அல்ல), ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, இருபக்க ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி ஆக்ஸிலை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து வெளியே வரும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று இறக்கும்போதே பார்த்துக்கொண்டிருங்கள். பழைய இன்னோவாவின் பின்பக்கமும் இதே கதைதான்.

கே: முன்பக்கம் டார்ஷன் பார் உள்ள வண்டிகளுக்கு?

அவற்றில் முன்பக்கம் காயிலே இல்லை, முறுக்கப்படும் நீளக் கம்பிதான் ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது. கம்ப்ரஸருக்கு வேலையில்லை.

கே: ஸ்பிரிங் மாற்றிய பிறகு பள்ளத்தில் டக் டக் என்று சத்தம். ஸ்டீயரிங்கும் ஒரு பக்கம் இழுக்கிறது.

சத்தத்துக்கு முதல் சந்தேகம் ஸ்பிரிங் முனை. கீழ் சீட்டில் அதற்கென்று இருக்கும் படியில் முனை போய் முட்டி உட்கார வேண்டும். விலகியிருந்தால் திரும்பும்போதும் பள்ளத்திலும் சத்தம் வரும். வலது, இடது ஸ்பிரிங்குகளுக்குத் தனித்தனிப் பார்ட் நம்பர் உள்ள வண்டியென்றால் மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டிருந்தால் மறுபக்கத்தையும் மாற்றியே ஆக வேண்டும்.

ஆர்ம் புஷ்களின் (சஸ்பென்ஷன் கைகளின் ரப்பர் மூட்டுகள்) போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கியிருந்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அவற்றைத் தளர்த்தி, வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். இழுப்புக்கு வீல் அலைன்மென்ட் செய்தாக வேண்டும், உயரம் மாறியதால் கோணங்களும் மாறியிருக்கும். முன்பக்கம் உயர்ந்திருந்தால் ஹெட்லைட்டையும் சற்றுத் தாழ்த்தி வையுங்கள், எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.