அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர்கள் மேய்ச்சல் நிலத்தைக் காக்கும் புதிய முறைகளை ஏன் சட்டென்று ஏற்பதில்லை?

ஆராய்ச்சியாளர்கள் சொன்னாலும் கேட்காத பிடிவாதக்காரர்களா இவர்கள் என்றும் கேள்வியில் சேர்த்திருக்கிறீர்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன். கொலராடோவில் படித்தபோது, பண்ணைக்காரர்களிடம் எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் பகுதிநேர வேலை கிடைத்தது. முதல் நாளே ஒரு எச்சரிக்கை: நேரில் பார்த்தால் எத்தனை மாடு இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதே. அங்கே அது வங்கியில் எவ்வளவு போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்பதற்குச் சமமாம். சம்பளத்தையே முதல் கேள்வியாகக் கேட்கும் ஊரிலிருந்து போனவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

"ஏன் ஏற்கவில்லை" என்ற கேள்விக்கு வயது அதிகம். அயோவாவில் வீரிய மக்காச்சோள விதை பரவிய கதையை 259 விவசாயிகளின் விவரங்களை வைத்து ரயன், கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1943இல் எழுதினார்கள். முந்தி ஏற்பவர், பிந்தி ஏற்பவர் என்று ஆட்களைப் பிரிக்கும் பழக்கம் அந்த வழியில் வளர்ந்ததுதான். விதைக்கு அது பொருந்தும். விதைத்தால் அடுத்த அறுவடையில் தெரிந்துவிடும். புல்வெளியில் அப்படித் தெரியாது. நடுவில் ஒரு வறட்சி வந்துவிட்டால் எது எதனால் ஆனது என்றே பிரிக்க முடியாது.

சுழற்சி மேய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தை வேலியால் பல துண்டாக்கி, மந்தையை ஒவ்வொன்றாக மாற்றி, மற்றதற்கு ஓய்வு கொடுப்பது. பல ஆண்டுகள் இதைப் பரிந்துரைத்த பிறகு, 2008இல் பிரிஸ்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதுவரை நடந்த சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து மேய்ப்பதைவிட அது மேல் என்பதற்குச் சான்று இல்லை. அப்படியானால் "பிந்தியவர்கள்" யார்?

ஆனால் செய்துபார்த்த பண்ணைக்காரர்கள் பலர் அது பலன் தருகிறது என்று அடித்துச் சொன்னார்கள். சோதனையில் மாடு தேதி பார்த்து நகரும், பண்ணையில் புல்லைப் பார்த்து நகரும், வித்தியாசம் அதுதான் என்று ஒரு பதில் வந்தது. அதனால் கொலராடோவின் நன் ஊருக்குப் பக்கத்தில், அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வு நிலத்தில், 2012இல் 11 பேர் குழு ஒன்றை அமைத்தார்கள். பண்ணைக்காரர்கள், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர், அரசு ஆட்கள் எல்லாரும் அதில் உண்டு. 130 ஹெக்டேர் வீதம் பத்துத் துண்டுகளில் ஒரே மந்தையை எப்போது நகர்த்துவது என்ற முடிவு அந்தக் குழுவின் கையில். ஒப்பிட இன்னொரு பத்துத் துண்டுகள். அங்கே அதே எண்ணிக்கை மாடுகள் பிரிந்து பருவம் முழுக்க ஒரே இடத்தில் மேய்ந்தன. சுழற்சியில் இருந்தவை 12 முதல் 16 சதவீதம் குறைவாகவே எடை போட்டன. நெருக்கியடித்து மேயும்போது நல்ல புல்லாகத் தேடிப் பொறுக்க மாட்டுக்கு வழியில்லை. புல்லும் எதிர்பார்த்தபடி கூடவில்லை. எனக்கு இதில் பிடித்தது, முடிவு எடுத்தவர்களே தங்கள் கண்ணால் தோல்வியைப் பார்த்தது.

பணக் கணக்கும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. மாட்டு வருமானத்தை வைத்துப் பார்த்தால் கட்டுப்படியாகாத விலைக்கு அரிசோனாவில் பண்ணைகள் ஏன் கைமாறுகின்றன என்று ஸ்மித், மார்ட்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1972லேயே ஆராய்ந்தார்கள். அந்த மண்ணோடும் அந்த வாழ்க்கையோடும் இருக்கும் பற்றுதான் அவர்களுக்குக் கிடைத்த விடை. லாபம் கூடும் என்று மட்டும் சொல்லி இவர்களை அசைக்க முடியாததும் இதனால்தான். போதாததற்கு, மேற்கு மாநிலங்களில் பலர் மேய்ப்பது மத்திய அரசு நிலத்தில். அனுமதி பொதுவாக 10 ஆண்டுக்குத்தான். சொந்தமில்லாத நிலத்தில் வேலிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எவ்வளவு கொட்டுவது?

ஒரு ஒலிப்பதிவு இன்னும் காதில் இருக்கிறது. புதிய தண்ணீர்த்தொட்டிகள் அமைப்பீர்களா என்று கேட்டதற்கு ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மகள் டென்வரிலிருந்து திரும்பி வருவாளா என்று தெரிந்தால் சொல்கிறேன்" என்றார். கேள்வித்தாளில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான். அவர் பதிலை "இல்லை"யில் போட்டேன்.