பேனா ஜூனியர் கையிலேயே இருக்கட்டும்

மாணவர் இதழில் புதிதாக எழுத வந்தவர்களும் அவர்களுக்கு வழிகாட்டும் சீனியர்களும் கேட்ட கேள்விகள் இவை. மாணவியாக இருந்தபோது இதழ் நடத்தினேன். அப்புறம் ஒரு செய்தித்தாளின் டெஸ்க்கில், அதாவது செய்திகளைத் திருத்தும் பிரிவில், பல வருடம் மற்றவர்கள் காப்பியை (அச்சுக்குப் போகும் முன் எழுதித் தருவதை) திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது சீனியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, விவரமெல்லாம் கையில் இருக்கிறது. முதல் வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரமாக வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். (முதலாண்டு மாணவி)

லீட், அதாவது செய்தியின் தொடக்க வரி, வரவில்லை என்றால் பெரும்பாலும் எழுத்தில் கோளாறு இல்லை. எது செய்தி என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஒரு முதலாண்டுப் பெண் எழுதிக்கொண்டுவந்தது இது: "நூலகத்தின் செயல்பாட்டு நேரத்தில் மாற்றம் மேற்கொள்ளப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது. இது மாணவர்களிடையே பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது." அவளுடைய சீனியர் காப்பியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, நேற்று ராத்திரி ரூமில் போய் இதை எப்படிச் சொன்னாய்?" என்று கேட்டான். "பத்து மணி வரைக்கும் இருந்த லைப்ரரியை எட்டு மணிக்கே மூடப்போறாங்களாம், அதுவும் பரீட்சை மாதத்திலேன்னு சொன்னேன்" என்றாள். "அதை எழுது" என்றான். வந்த லீட்: "நூலகம் திங்கட்கிழமை முதல் இரவு 8 மணிக்கே மூடப்படும். இதுவரை 10 மணி வரை திறந்திருந்தது. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரமே இருக்கிறது."

பரபரப்பு என்ற சொல்லே இல்லை. ஆனால் படித்தால் பரபரப்பாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் வினை கடைசியில் வரும். லீட்டில் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் திணித்தால், என்ன நடந்தது என்று தெரிய வாசகர் கடைசிச் சொல் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாக, மூன்றாக உடையுங்கள். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறையும் முதல் வாக்கியத்திலேயே அடைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இந்தச் செய்திக்கு எந்த இரண்டு முக்கியம் என்று பாருங்கள். மற்ற நான்கும் கீழே வரட்டும்.

எங்கள் சீனியர் "செயப்பாட்டுவினை வேண்டாம்" என்று எல்லா இடத்திலும் சிவப்புக் கோடு போடுகிறார். அதில் என்ன தப்பு? எல்லாச் செய்தித்தாளும் அப்படித்தானே எழுதுகிறது?

எல்லா இடத்திலும் தப்பில்லை. மேலே "மூடப்படும்" என்றுதான் இருக்கிறது, நானே விட்டுவைத்தேன். அங்கே நூலகம்தான் முக்கியம், யார் பூட்டுகிறார் என்பது முக்கியமில்லை. ஆனால் "கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது" என்று எழுதினால் யார் உயர்த்தினார் என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. பல நேரம் எழுதியவருக்கே அது தெரியாது, கேட்காமல் வந்திருப்பார். "-ப்பட்டுள்ளது" அந்த ஓட்டையை அழகாக மூடிவிடும். சீனியர் கோடு போடுவதற்குப் பதில் பக்கத்தில் "யார்?" என்று ஒரு சொல் எழுதினால் போதும். நீங்களே போய்க் கேட்டுக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

நான் மூன்றாம் ஆண்டு. ஜூனியர்கள் தரும் காப்பி படிக்க முடியாத நிலையில் வருகிறது. சொல்லிப் புரியவைப்பதைவிட நானே மாற்றி எழுதினால் இருபது நிமிடத்தில் முடிகிறது. அவர்களும் நன்றி சொல்கிறார்கள். இது தப்பா?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். நானும் இரண்டு வருடம் இதையே செய்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர்கள் நன்றி சொல்வதுதான் ஆபத்து. அடுத்த வாரமும் அதே மாதிரி காப்பிதான் வரும். எப்படியும் அண்ணா சரி பண்ணிவிடுவார் என்று தெரிந்த பிறகு யாராவது மெனக்கெடுவார்களா? அதோடு, அச்சில் வந்ததைப் பார்த்து, தான் எழுதியதில் எது மிஞ்சியது என்று தேடுகிற பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பெயர் மட்டும் அவளுடையது, மற்றதெல்லாம் என்னுடையது. அப்புறம் அவள் எழுதவே வரவில்லை.

முதல் விதி: கீபோர்டு ஜூனியர் பக்கம் இருக்க வேண்டும். நீங்கள் பக்கத்து நாற்காலி. முதல் தடவை படிக்கும்போது எதையும் குறிக்காதீர்கள், கடைசி வரை படியுங்கள். வழக்கமாக மூன்றாவது பத்தியிலோ நான்காவதிலோ உண்மையான லீட் ஒளிந்திருக்கும். அதை நீங்கள் சுட்டிக்காட்டாமல், "இதில் உனக்கே ஆச்சரியமாக இருந்தது எது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே விரலை அங்கே வைப்பார்கள்.

சந்திப்பிழை, எழுத்துப்பிழையெல்லாம் கடைசியில். நாளைக்குத் தூக்கிப் போடப்போகிற பத்திக்கு ஒற்று சரிபார்த்து என்ன பயன்? ஆனால் சீனியர்கள் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். ஏனென்றால் அதுதான் சுலபம், திருத்தியது கண்ணுக்கும் தெரியும்.

தவறவே கூடாத கேள்வி ஒன்று உண்டு: "இது உனக்கு எப்படித் தெரியும்?" ஒவ்வொரு தகவலுக்கும் கேளுங்கள். 1980-இல் அமெரிக்கச் செய்தித்தாளான வாஷிங்டன் போஸ்ட்டில் ஜேனட் குக் என்ற இளம் நிருபர், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அடுத்த வருடம் இதழியலுக்கான பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. இரண்டே நாளில் அந்தச் சிறுவனே கற்பனை என்று தெரிந்து பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அனுபவசாலி ஆசிரியர்கள் நிறைந்த அலுவலகம் அது. கதை அவ்வளவு நன்றாக இருந்ததால், அந்தப் பையன் யார், எங்கே இருக்கிறான் என்று யாரும் விடாப்பிடியாகக் கேட்கவில்லை. நன்றாக எழுதும் ஜூனியரிடம்தான் இந்தக் கேள்வியைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். திணறி எழுதுகிறவரிடம் நாம் எப்படியும் கேட்டுவிடுவோம்.

டெட்லைன் அன்று வேறு வழியே இல்லையென்றால்? மாற்றி எழுதுங்கள். ஆனால் ஜூனியரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் மாற்றுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாற்றுங்கள். அன்றைக்கு இருபது நிமிடம் நாற்பதாகும். மூன்று மாதம் கழித்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் குழுவில் ஒரு அண்ணன் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பிலேயே என் கட்டுரையைக் கிழித்துத் தொங்கவிட்டார். சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் திரும்ப எழுதப் பிடிக்கவில்லை.

சரியான விஷயத்தைத் தப்பான இடத்தில் சொல்லியிருக்கிறார். அவரிடம் தனியாக, "அண்ணா, அடுத்த தடவை பத்து நிமிடம் உட்கார்ந்து பேசலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் வெட்கப்பட்டு ஒத்துக்கொள்வார்கள். அவருடைய சீனியர் அவரை அப்படித்தான் நடத்தியிருப்பார், வழிவழியாக வருகிற பழக்கம். கேட்டும் மாறவில்லையென்றால் வேறு சீனியரைக் கேட்டு வாங்குங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சீனியர்களுக்கு: பாராட்டைக் குரூப்பில் போடுங்கள், குறையை நேரில் சொல்லுங்கள். பாராட்டும்போதும் "சூப்பர்" என்று நிறுத்தாதீர்கள். "காவலாளி சொன்னதை அப்படியே அவர் பேச்சில் விட்டிருந்தாயே, அது நன்றாக இருந்தது" என்றால்தான் அடுத்த முறை அதைத் திரும்பச் செய்ய முடியும்.

ஒரு ஆசிரியர் அரை மணி நேரம் பேசினார். எழுந்து வரும்போது "இதெல்லாம் ஆஃப் த ரெக்கார்டு, போட்டுடாதே" என்றார். இப்போது என்ன செய்வது?

ஆஃப் த ரெக்கார்டு என்பது பேசுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் ஏற்பாடு. பேசி முடித்த பிறகு ஒருவர் மட்டும் அறிவித்தால் அது செல்லாது. தொழில்முறை வழக்கம் இதுதான். தினமும் நிருபர்களைச் சந்திக்கும் அதிகாரியிடமோ அரசியல்வாதியிடமோ இதில் நீங்கள் உறுதியாகவே நிற்கலாம்.

ஆனால் பேட்டி என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் உண்டு. ஒரு சக மாணவரோ துப்புரவுப் பணியாளரோ மனம் விட்டுப் பேசிவிட்டு அப்புறம் பயந்தால் நான் இறங்கிவருவேன். எந்த வரி அவருக்குச் சங்கடம் என்று கேட்பேன். அதே தகவல் வேறு இடத்தில் கிடைக்குமா என்று தேடுவேன். இந்த ஆசிரியர் எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். சீனியரோடு பேசி முடிவெடுங்கள், தனியாக எடுக்காதீர்கள்.

அடுத்த முறை உட்கார்ந்தவுடனேயே, "இதழுக்காக எழுதுகிறேன், உங்கள் பெயரோடு வரும்" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறங்கள். பெயர் போடாமல் தகவலை மட்டும் பயன்படுத்துவது, எதையுமே வெளியிடாமல் காதில் மட்டும் வாங்கிக்கொள்வது, இரண்டும் வேறு வேறு. "ஆஃப் த ரெக்கார்டு" என்கிறவரிடம் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் பெயர் வராமல் இருந்தால் போதும்.

கட்டணம் 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானால் 5 சதவீத உயர்வா, 50 சதவீத உயர்வா? சீனியர்களுக்குள்ளேயே சண்டை.

5 சதவீதப் புள்ளி உயர்வு. பழைய அளவோடு ஒப்பிட்டால் 50 சதவீத உயர்வு. "5 சதவீத உயர்வு" என்பது மட்டும் தப்பு. எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: "10 சதவீதமாக இருந்தது 15 சதவீதமாகிறது" என்று எழுதிவிடுங்கள், சண்டை முடிந்தது.

நாங்கள் முந்தித் தர வேண்டும் என்று ஆசிரியர் குழு அவசரப்படுத்துகிறது. உறுதிப்படுத்திக்கொண்டு போனால் எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.

1948-இல் சிகாகோ ட்ரிப்யூன், அமெரிக்க அதிபர் தேர்தலில் டூயி என்ற வேட்பாளர் அதிபர் ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று கொட்டை எழுத்தில் போட்டது. ஜெயித்தது ட்ரூமன். அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே பக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது. வாக்கு எண்ணி முடியும்வரை காத்திருக்க நேரமில்லாமல் ஊகித்தார்கள். அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ட்ரூமன் சிரிக்கும் படம் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மாணவர் இதழ் வேகத்தில் வாட்ஸ்அப்பை ஜெயிக்கவே முடியாது, அதை விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்ததை முழுசாகச் சொல்வதில்தான் உங்களுக்கு வாய்ப்பு.

காப்பியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்துச் சரிசெய்தால் சீனியர் எதற்கு?

எழுத்துப்பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இதழின் விதி அனுமதித்தால். ஆனால் நீங்கள் நூலக வாசலில் நின்றீர்களா, அங்கே யார் என்ன சொன்னார் என்பது அதற்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரியே எழுதித் தரும். போன மாதம் ஒரு காப்பியில் யாரும் சொல்லாத மேற்கோள் ஒன்று புகுந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது சீனியர்தான், "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற அதே பழைய கேள்வியைக் கேட்டு.

அச்சில் ஒருவர் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டேன். சின்ன விஷயம், யாரும் கவனிக்கவில்லை. விட்டுவிடலாமா?

பெயருக்கு உரியவர் கவனித்திருப்பார். நானும் ஒருமுறை, பரிசு வாங்கிய பையன் பெயருக்குப் பதில் பக்கத்தில் நின்றவன் பெயரைப் போட்டேன். பரிசு வாங்கியவனின் அம்மா அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருந்தாராம், தப்பான பெயரோடேயே. அதைக் கேட்ட அன்றைக்குப் போல நான் கூசிப்போனதில்லை. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். என்ன தப்பு, எது சரி, இரண்டே வரி. நேரில் போய் மன்னிப்பும் கேளுங்கள். இனிமேல் பேட்டி முடிந்ததும் நோட்டை நீட்டி, "உங்க பெயரை நீங்களே எழுதிடுங்க" என்று சொல்லுங்கள். ரகரமா றகரமா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நன்றாகத் திருத்திக் கொடுத்தேன். பைலைனில், அதாவது எழுதியவர் பெயர் போடும் வரியில், என் பெயரும் வரலாமா?

போய்ச் செய்தி சேகரித்தீர்களா? இல்லையென்றால் வேண்டாம்.

எனக்கும் ஜூனியருக்கும் ஒரே ஒரு வருடம்தான் வித்தியாசம். நான் என்ன சொல்லிக்கொடுத்துவிடப் போகிறேன்?

அந்த ஒரு வருடம்தான் உங்கள் பலம். எனக்கு முதல் பேட்டிக்குப் போன பயம் மறந்துவிட்டது, உங்களுக்கு மறந்திருக்காது. யாரிடம் முதலில் போய் நிற்பது, "நேரமில்லை" என்றால் என்ன சொல்வது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் சூடாக நினைவிருக்கும்.

இந்தத் தொழிலே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான். பாரதி 1904-இல் சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது, ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆசிரியராக இருக்க, ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்த்துத்தான் பழகினார். 1908-இல் அமெரிக்காவின் மிசௌரியில் இதழியல் கல்லூரி தொடங்கியபோதும் மாணவர்களைப் பாடத்தோடு நிறுத்தவில்லை. வகுப்பு ஆரம்பித்த நாளிலேயே அவர்கள் கையால் ஒரு செய்தித்தாளைக் கொண்டுவந்தார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஜூனியரோடு சேர்ந்து தேடுங்கள். அதைப் பார்ப்பதே அவர்களுக்குப் பாடம்.

செய்தியை எப்படி முடிப்பது? நான் "காலம்தான் பதில் சொல்ல வேண்டும்" என்று முடித்தால் சீனியர் ஒவ்வொரு முறையும் அடித்துவிடுகிறார்.

நல்ல சீனியர். பக்கத்தில் இடம் பற்றாவிட்டால் கடைசிப் பத்தியைத்தான் முதலில் வெட்டுவார்கள், அதனால்தான் முக்கியமானதை மேலே வைக்கிறோம். கடைசிப் பத்தியை விரலால் மறைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லையென்றால் எடுத்துவிடுங்கள்.