தேயிலையைக் கடலில் கொட்டும் அளவுக்கு என்ன கோபம்? (கேள்வி பதில்)

18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது லண்டன் போட்ட வரிகளைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், பிரிட்டனில் இருந்தவர்களைவிட அமெரிக்கக் குடியேறிகள் குறைவாகத்தானே வரி கட்டினார்கள்?

பதில்: குறைவுதான். சண்டை தொகைக்காக வரவில்லை. வர்ஜீனியாவிலும் மாசசூசெட்ஸிலும் அவர்களே தேர்ந்தெடுத்த சட்டசபைகள் இருந்தன. அவை போட்ட வரியைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் கடல் கடந்து கை நீட்டியபோதுதான் பொறுக்கவில்லை.

கேள்வி: லண்டன் பக்கம் நியாயமே இல்லையா?

பதில்: உண்டு. 1763-ல் பிரான்ஸுடன் நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறக்குறைய இரட்டித்திருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படையின் செலவில் ஒரு பங்கைக் கேட்டார்கள்.

கேள்வி: முத்திரைச் சட்டம் என்பது என்ன?

பதில்: நாம் பத்திரம் எழுத ஸ்டாம்ப் பேப்பர் வாங்குகிறோமே, அதே சங்கதி. 1765 நவம்பர் 1 முதல் பத்திரம், உரிமம், செய்தித்தாள் எல்லாம் முத்திரை குத்திய தாளில்தான் இருக்க வேண்டும். சீட்டுக்கட்டுக்கு வரி 1 ஷில்லிங், ஒரு ஜோடி பகடைக்கு 10 ஷில்லிங். மீறினால் ஜூரி இல்லாத கடல்சார் நீதிமன்றத்திலும் வழக்குப் போடலாம். அடி விழுந்தது யாருக்கு? வக்கீலுக்கும் வியாபாரிக்கும் அச்சகக்காரருக்கும். ஊரில் வாயும் பேனாவும் உள்ளவர்கள் அவர்கள்தான்! ஆகஸ்ட் 14 அன்றே, பாஸ்டனில் தாள் விநியோகிக்க இருந்த ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மை ஓர் எல்ம் மரத்தில் தொங்கியது. மிரண்டுபோய் அவர் பதவியை உதறினார். 1766 மார்ச்சில் சட்டம் வாபஸ். கூடவே, எதற்கும் உங்கள் மீது சட்டம் போட எங்களுக்கு உரிமை உண்டு என்று இன்னொரு சட்டம்.

கேள்வி: அப்போது இங்கிலாந்திலேயே இருந்த மான்செஸ்டர் நகருக்கும்தான் எம்.பி. கிடையாதே?

பதில்: லண்டனும் இதையே சொன்னது. எனக்கு இது நொண்டிச் சாக்காகவே படுகிறது. மான்செஸ்டர்காரர் மீது வரி போடும் எம்.பி. அதே வரியைத் தானும் கட்டுவார். அமெரிக்கா மீது மட்டும் போட்டால் அவர் சுமை குறையும்.

கேள்வி: 1773 தேயிலைச் சட்டத்தால் தேயிலை விலை இறங்கியதாமே அண்ணா? பிறகு ஏன் கொட்டினார்கள்?

பதில்: இறங்கியது உண்மை. நம் சென்னையை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது கடனில் தத்தளித்தது. தேங்கிக் கிடந்த சீனத் தேயிலையை நேரே அமெரிக்காவில் விற்க அதற்குச் சலுகை கிடைத்தது. ஆனால் ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்று ஏற்கெனவே இருந்த வரி மட்டும் போகவில்லை. அந்தப் பணம் எங்கே போனது என்று பாருங்கள். மாசசூசெட்ஸ் ஆளுநருக்கு அதுவரை சட்டசபை சம்பளம் கொடுத்தது. அதனால் அவர் சபையின் பேச்சுக்குக் கொஞ்சமாவது காது கொடுத்தாக வேண்டும். 1772-ல் அந்தச் சம்பளம் சுங்க வரிப் பணத்துக்கு மாறியது. மலிவுத் தேநீரைக் குடிக்கக் குடிக்க அந்தப் பிடி நழுவும். 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டனில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலுக்குப் போயின.

கேள்வி: அடிமைகளை வைத்துக்கொண்டே உரிமை பேசினார்களே?

பதில்: பேசினார்கள், அதை மறைக்கவே கூடாது. அதே 1773-ன் ஜனவரியில் மாசசூசெட்ஸ் அடிமைகள் தங்கள் நிலைக்கு நிவாரணம் கேட்டு அங்கிருந்த ஆளுநருக்கும் சட்டசபைக்கும் மனு கொடுத்தார்கள். விடுதலை கிடைக்கவில்லை.