ஹைப்பரும் ஹைப்போவும்

கேள்வி: அம்மாவின் கிளினிக் கொப்பியில் ஓரிடத்தில் ‘ஹைப்பர்டென்ஷன்’ என்றும் வேறோரிடத்தில் ‘ஹைப்போகிளைசீமியா’ என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்த ஹைப்பரும் ஹைப்போவும் ஒன்றா? எந்த மொழியிலிருந்து வந்தவை? தமிழில் இவற்றுக்கு உறவுச் சொற்கள் உண்டா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: கேட்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் போலிருந்தாலும் பொருளில் இவை நேரெதிரானவை. இரண்டும் கிரேக்க முன்னொட்டுகள்; ‘ஹைப்பர்’ என்பது மேலே, அளவுக்கு மிஞ்சி என்றும், ‘ஹைப்போ’ என்பது கீழே, அளவுக்குக் குறைந்து என்றும் பொருள்படும். ஆகவே முதலாவது, நம்மவர் வெறுமனே ‘பிரஷர்’ என்று சொல்லும் உயர் குருதி அமுக்கம். இரண்டாவது, சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்பவர் வேளைக்குச் சாப்பிடாமல் விடும்போது வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றுகிறதே, அந்தச் சீனி இறங்கும் நிலை. (‘டென்ஷன்’ என்ற பின்பாதி இலத்தீன், மருத்துவர்கள் இப்படி இரு மொழிகளை ஒட்டுப்போடத் தயங்குவதில்லை.)

உறவு பற்றிய கேள்விதான் சுவையானது. சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் எடுத்துரைத்தார். அந்தக் குடும்பத்தில் கிரேக்க ‘ஹைப்பர்’ இலத்தீனில் ‘சூப்பர்’, ஆங்கிலத்தில் ‘ஓவர்’, சமஸ்கிருதத்தில் ‘உபரி’. ‘ஹைப்போ’வுக்கு இணையானவை இலத்தீன் ‘சப்’, சமஸ்கிருத ‘உப’. தேவைக்கு மேல் மிஞ்சியதை நாமும் உபரி என்கிறோம். உப அதிபர், உப தவிசாளர் என்று பதவிகளுக்கும் பெயரிடுகிறோம். ஊர்த் தபாலகத்தின் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தில் ‘சப் போஸ்ட் ஒபிஸ்’ என்றும் தமிழில் ‘உப தபாலகம்’ என்றும் இருந்தால், அந்தச் ‘சப்’பும் ‘உப’வும் ஒரே வேரில் பிறந்தவையே.

ஆனால், ‘உப’வும் ‘உபரி’யும் தமிழ் சமஸ்கிருதத்திடமிருந்து பெற்றவை, இவற்றை வைத்துக்கொண்டு தமிழுக்கும் கிரேக்கத்துக்கும் நேரடி உறவு கொண்டாடுவது பொருந்தாது. நமக்குச் சொந்தமான மேல், கீழ், மிகை, குறை ஆகியவற்றின் வேர் முற்றிலும் வேறு.

கிளினிக் இரைச்சலில் முன்னொட்டின் கடைசி ஒலி காதில் விழாவிட்டால் உயர்வு தாழ்வாகிவிடும். ஆகையால் அடுத்த முறை போகும்போது, பிரஷரோ சீனியோ எதுவானாலும் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று தாதியிடம் கேட்டு, கொப்பியில் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.