அங்கர் பக்கற்றும் பழைய யன்னல் கண்ணாடியும்: வெயில் அடுப்புக் கேள்வி பதில்

2022இல் யாழ்ப்பாணத்தில் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று அலுத்துத்தான் முற்றத்தில் ரீவி வந்த காட்போட் பெட்டியை வைத்து வெயிலில் சோறாக்கத் தொடங்கினேன். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்றபடியால் அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னிடமே கேட்கிறார்கள். வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

ரீச்சர், காசு செலவழிக்காமல் வீட்டில கிடக்கிற சாமானோட செய்யேலுமோ? (கோண்டாவில்)

ஓம் பிள்ளை. பெரிசும் சின்னதுமாக இரண்டு காட்போட் பெட்டி எடுங்கோ. சின்னதைப் பெரிசுக்குள் வைத்தால் சுற்றிவர நாலு விரல் இடைவெளி இருக்கவேணும். சின்னப் பெட்டிக்கு அடியிலும் அதேயளவு. அந்த இடத்தை வைக்கோல், உமி, தும்பு, கசக்கிய பேப்பர் எதாலும் இறுக்காமல் நிரப்புங்கோ. ஈரம் மட்டும் இருக்கக்கூடாது. ரெஜிபோம் (தேர்மோகோல்) வேண்டாம், சூட்டில் இளகி நாறும்.

அங்கர் பால்மாப் பக்கற்றின் உட்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்குமே, முதலில் அதைத்தான் உள்சுவருக்கு ஒட்டினேன். இரண்டாம் நாளே வறுத்த அப்பளம் போலச் சுருண்டுவிட்டது. அந்த மினுக்கத்துக்கு மேலே மெல்லிய பிளாஸ்ரிக் இருக்கிறதை யோசிக்கவில்லை. இப்போது உள்ளே பழைய பிஸ்கற் ரின் தகடு. பக்கற்றுகள் வெளி மூடிக்கு மட்டும். மாப்பசை அதில் பிடிக்காது, சாக்கு ஊசியால் தைத்தேன். அந்த மூடிதான் தெறிப்பான். ஒரு தடியால் முட்டுக்கொடுத்து நிமிர்த்தி, அதில் படுகிற வெயிலைப் பெட்டிக்குள் விழுத்தவேணும். பெட்டி வாய்க்கு யன்னல் கண்ணாடி, அடியில் கரி பூசிய தகரம். இவ்வளவும்தான்.

செய்தன் அண்ணை சொன்ன மாதிரி. ஆனா 80 பாகைக்கு மேல ஏறுதில்லை. இன்னும் மினுக்கமான தாள் வாங்கவோ? (சாவகச்சேரி)

நான் அண்ணை இல்லை, தம்பி. பரவாயில்லை.

தாள் வாங்காதேங்கோ. கனபேர் பிழைவிடுகிறது இங்கேதான். மினுக்கத்துக்குக் காசு கொட்டுவார்கள், கண்ணாடி விளிம்பைப் பார்க்கமாட்டார்கள். தெளிந்த வானத்தில் நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 1000 உவாற்று. உங்கள் பெட்டி வாய் அரை மீற்றருக்கு அரை மீற்றர் என்றால் உள்ளே வருவது 250 உவாற்று. அதில் நூறு தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தாலே ஒரு லீற்றர் 50 நிமிடத்தில் கொதிக்கவேணும். சேராததுக்குக் காரணம் ஒழுக்கு. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி உள்ளே வைத்துக் கண்ணாடியை மூடிப்போட்டுப் பாருங்கோ, புகை எந்த மூலையால் நூல் மாதிரி வருகுதென்று தெரியும். பழைய சைக்கிள் ரியூப்பை நீளத்துக்கு வெட்டி விளிம்பில் சுற்றி ஒட்டினால் அது நிற்கும். இன்னும் போதாவிட்டால் இரண்டாவது கண்ணாடி, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு. 1767இல் சுவிற்சர்லாந்தின் சோசூர் என்ற விஞ்ஞானி கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வெயிலில் பழம் வேகவைத்ததும் இதே சங்கதிதான்.

பத்து நிமிடத்துக்கொருக்கால் திறந்து பார்க்கிற பழக்கத்தையும் விடுங்கோ.

சட்டி எப்படி? மெல்லிய அலுமினியம், வெளிப்பக்கம் கறுப்பு. மண்சட்டி தான் சூடாகவே அரைநாள் எடுக்கும். விறகடுப்பில் கரி பிடித்த சட்டி இருந்தால் அதிர்ஷ்டம், பொச்சும் சாம்பலும் போட்டு மினுக்கிவிடாதேங்கோ. என்ரை மாமி ஒருநாள் மினுக்கிவைத்தா. அன்றைக்குச் சோறு மூன்று மணிக்குத்தான்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் தெற்குப் பக்கம் பார்க்க வை என்று போட்டிருக்கு. வைகாசியில் வைத்தேன், சரிவரவில்லை. (பருத்தித்துறை)

அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதின குறிப்பு. யாழ்ப்பாணம் இருப்பது வடக்கு அகலாங்கு 9.7 பாகையில். சித்திரைப் புதுவருசத்தையொட்டி, ஏப்ரல் 15 அளவில், மத்தியானச் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே நிற்கும். அன்று 12.10 மணியளவில் முற்றத்தில் ஒரு தடியை நட்டால் நிழலே தெரியாது. அதுக்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி மட்டும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே. ஆனி நடுவில் ஒரு மீற்றர் தடியின் நிழல் தெற்குப் பக்கமாக ஒரு சாண் விழும். மார்கழியில் வடக்குப் பக்கமாக 65 சென்ரிமீற்றர்.

ஆகவே வைகாசியில் மூடி தெற்குப் பக்கம் நின்று வடக்கைப் பார்க்கவேணும். நீங்கள் நேர்மாறாக வைத்திருக்கிறீர்கள். காலமை பத்து மணிக்கென்றால் கிழக்கைப் பார்க்க வையுங்கோ, அரைமணிக்கொருக்கால் திருப்புங்கோ. திசைகாட்டி தேவையில்லை, பெட்டியின் நிழலே சொல்லும்.

என்ன சமைக்கலாம்? புட்டு அவிக்கலாமோ? (கொக்குவில்)

புட்டுக்கு விடாமல் ஆவி தள்ளவேணும். பெட்டி அடுப்புக்கு அந்த மூச்சு இல்லை. சோறு, பருப்பு, முட்டை, வத்தாளங்கிழங்கு, மீன்குழம்பு எல்லாம் நல்லாய் வரும். சோற்றுக்குத் தண்ணீர் குறைவாக விடுங்கோ, வற்றாது. பத்து மணிக்கு வைத்த நாட்டரிசி எனக்குப் பன்னிரண்டரைக்கு வெந்துவிடும். அடிப்பிடிக்காது, கிண்டவும் தேவையில்லை.

மரவள்ளி வேண்டாம். அதை நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றுகிறது காரணத்தோடுதான். அதிலிருக்கும் சயனைட்டு அப்படித்தான் போகும். மூடின பெட்டிக்குள் அது நடக்காது. மீனோ இறைச்சியோ வைத்த நாளில் மப்புப் போட்டால் இளஞ்சூட்டில் பின்னேரம் மட்டும் கிடக்கவிடாமல் எடுத்து அடுப்பில் வைத்துவிடுங்கோ.

கூரையில பழைய டிஷ் அன்டெனா ஒண்டு கிடக்குது. அதுக்கு மினுக்கம் ஒட்டினால்? (மானிப்பாய்)

பொரிக்கிற அளவுக்குச் சூடு வரும், அதுதான் பயம். வெயில் முழுக்க ஒரு கையளவு இடத்தில் குவியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிடுகு வேலிப் பக்கம் திரும்பிக் கிடந்தால் வேலி பற்றும். சின்னப் பிள்ளையள் இருக்கிற வளவில் வேண்டாம். இருந்தே தீரவேணும் என்றால் கறுத்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைசெய்து, முடிந்தவுடன் குப்புறக் கவிழ்த்துச் சாக்கால் மூடுங்கோ.

கிணத்துத் தண்ணியை இதில வைச்சுச் சுத்தமாக்கலாமோ? (சுன்னாகம்)

கிருமிக்கு ஓம். 65 பாகையில் சில நிமிடம் நின்றாலே வயிற்றோட்டக் கிருமிகள் சாகும், கொதிக்கவேணும் என்றில்லை. ஆனால் எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் தோட்டப் பசளையிலும் மலக்குழியிலும் இருந்து கிணற்றுக்குள் இறங்கும் நைத்திரேற்று சூட்டுக்குப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிற தண்ணீருக்கு இதை நம்பாதேங்கோ.

சோளகக் காத்துக்கு மூடி நிக்குதேயில்லை. (நெடுந்தீவு)

பெட்டியைப் பழைய ரயருக்குள் இறக்கி வையுங்கோ, மூடியின் இரண்டு மூலைக்கும் கயிறு கட்டிக் கல்லில் பிணையுங்கோ. காற்றுக் கண்ணாடியையும் குளிரவைக்கும், மதில் மறைவு கிடைத்தால் நல்லது.

மாரியில என்ன செய்வீங்கள்? (நல்லூர்)

ஐப்பசி, கார்த்திகையில் விறகடுப்புத்தான். பெட்டியை அட்டாளையில் ஏற்றிவிடுவேன். போனமுறை உமியோடு ஏற்றினேன், தை மாதம் இறக்கினால் உள்ளே எலிக்குடும்பம். அதுக்குப் பிறகு பேப்பர்தான்.