யாருக்கு யார் புறநகர்வாசி?

கேள்வி: மழை வந்தால் போதும், 'புறநகர்வாசிகள் அவதி' என்று செய்தித்தாள்களில் தலைப்புப் போடுகிறார்கள். நான் முப்பது வருடமாகச் சென்னையை ஒட்டிய குரோம்பேட்டையில் இருக்கிறேன். தாம்பரம் மாநகராட்சி வந்த பிறகும் நாங்கள் புறநகர்வாசிகளா? 'வாசி' என்பதே காட்டுவாசி மாதிரி மட்டமாகக் காதில் விழுகிறது. 'புறநகரத்தார்' என்று எழுதினால் என்ன? என் மகன் இதே பொருளில் 'நகர்ப்புறவாசி' என்று எழுதியதை அவனுடைய ஆசிரியை சிவப்பு மையால் சுழித்துவிட்டார். அது ஏன்? தாம்பரம் தாண்டி இருக்கும் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிக்காரர்களைப் புறநகர்வாசி என்றால் பொருந்தும். எங்களை எப்படிச் சொல்லலாம்?
— பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதாமல் விட்டிருந்தால் உங்கள் கட்சியில் சேர்ந்திருப்பேன். சொல் மட்டமானது என்றால் ஊரப்பாக்கத்துக்காரருக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? உங்களுக்குச் சொல்லோடு தகராறு இல்லை, அது உங்கள் வாசலில் வந்து நிற்பதோடுதான். சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் 'வாசி'. வாசம் செய்பவர் வாசி. வடமொழி வழியாக வந்து தமிழில் எந்த ஊரோடும் ஒட்டிக்கொள்ளும் சாதுவான சொல். காட்டுவாசி வசவாகிப் போனது காட்டைப் பற்றி நமக்கிருக்கும் நினைப்பால். அந்தப் பழியை 'வாசி' மீது போடுவது நியாயமில்லை. இரங்கல் விளம்பரத்தில் 'வைகுண்டவாசி ஆனார்' என்று போட்டால் எந்தக் குடும்பமாவது சண்டைக்கு வருகிறதா?

'புறநகரத்தார்' இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் 'நகரத்தார்' என்றதும் தமிழருக்குக் காரைக்குடியும் செட்டிநாட்டு வீடுகளும்தான் கண்முன் வரும். 'புறநகரத்தார் கூட்டம்' என்று நோட்டீஸ் அடித்துப் பாருங்கள், நகரத்தார் சமூகத்தின் ஒன்பது குலக்கோயில்களில் நீங்கள் எந்தக் கோயில் என்று கேட்பார்கள்.

எழுத்து விஷயத்தில் பெரிய சிக்கல் இல்லை. நகரோடு சேர்த்தால் புறநகர்வாசி, நகரத்தோடு சேர்த்தால் புறநகரவாசி, இரண்டும் சரி. 'பகுதி', 'பேருந்து' என்று அடுத்து வந்தால் மட்டும் 'புறநகர்ப் பகுதி', 'புறநகர்ப் பேருந்து' என்று ஒற்றுப் போட வேண்டும். பலகை எழுதுபவர்கள் அந்த 'ப்'பை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள்.

உங்கள் மகன் விஷயம்தான் சுவாரசியமானது. இன்றைய வழக்குப்படி ஆசிரியை சுழித்தது சரி. 'நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல்' என்கிறோம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றும் அதில் அடக்கம். அங்கே 'புறம்' என்றால் பக்கம், பகுதி; கிராமப்புறம், நாட்டுப்புறம் மாதிரி. 'புறநகர்' என்னும்போது அதே 'புறம்' வெளியே என்றாகிவிடுகிறது. ஆக, மயிலாப்பூர்க்காரர் நகர்ப்புறவாசி, ஆனால் புறநகர்வாசி இல்லை. நீங்களோ இரண்டும்.

ஆனால் பையனைத் திட்டாதீர்கள். இலக்கணத்தில் 'இலக்கணப் போலி' என்று ஒன்று உண்டு. இல்லின் முன் என்பது 'முன்றில்' ஆனது போல, சொல் முன்பின்னாகப் புரண்டு நிற்பது. அதற்குப் 'புறநகர்' என்பதையும் உதாரணம் காட்டுவார்கள்: நகர்ப்புறம் புரண்டு புறநகர். அதாவது இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். வழக்கில்தான் பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனி வீடு போய்விட்டன. பையன் அடுத்த முறை இதையும் சேர்த்து எழுதட்டும்.

இந்தச் சொல்லை உண்மையில் குழப்பிவிட்டது பேருந்துதான். வெள்ளைக்காரன் காலத்து 'மொஃபஸல்' என்ற சொல்லுக்குத் தலைநகருக்கு வெளியே உள்ள சீமை முழுக்கவும் அடக்கம். அதைத் தமிழாக்கும்போது 'புறநகர்' என்று போட்டுவிட்டோம். விளைவு, சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடித் திருநெல்வேலிக்குப் போகும் வண்டியும் 'புறநகர்ப் பேருந்து'. ரயிலில் இதற்கு நேர்மாறு. 1931-லிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடுகிறது. புறநகர் ரயில் என்றுதான் பெயர். மாம்பலத்தில் ஏறி எழும்பூரில் இறங்குகிறவரும் அதில்தான் தொங்கிக்கொண்டு போகிறார். அவரை யாரும் புறநகர்வாசி என்பதில்லை.

இனி, உங்கள் எல்லைத் தகராறு. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அம்பத்தூரும் ஆலந்தூரும் உள்ளே வந்தன. ஒரு வீட்டின் சுவர்கூட நகரவில்லை, புறநகர்வாசி நகரவாசி ஆகிவிட்டார். 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபோது குரோம்பேட்டையும் அதில் வந்தது. மாநகராட்சிக்கு வரி கட்டுகிறவர் ஒரு நகரத்தின் குடிமகன்தான், உங்கள் வாதம் அதுவரை செல்லும். ஆனால் 'புறநகர்' என்பது பட்டம் இல்லை, திசை. யாரோ ஒருவர் கோட்டைப் பக்கம் நின்றுகொண்டு கை நீட்டிக் காட்டும் திசை. அவர் நிற்கும் இடம் மாறாதவரை உங்களுக்கு எத்தனை மேயர் வந்தாலும் நீங்கள் 'அந்தப் பக்கம்'தான். நீங்களும் அதே கையைத்தான் கூடுவாஞ்சேரியை நோக்கி நீட்டியிருக்கிறீர்கள்.

நேர்ப்பேச்சில் யாராவது 'நான் புறநகர்வாசி' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'தாம்பரம் தாண்டி', 'கொஞ்சம் அவுட்டர்ல' என்பார்கள். மனை விற்கிறவர் அந்தச் சொல் இருக்கும் திசைக்கே தலை வைத்துப் படுக்கமாட்டார். ஒரே பக்கத்தில் மேலே 'புறநகர்வாசிகள் தவிப்பு' என்று செய்தி, கீழே 'சென்னைக்கு மிக அருகில்' என்று விளம்பரம். இரண்டும் ஒரே ஊர்.

இதில் பெரிய அவமானம் எதுவும் இல்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சி. சிலப்பதிகாரத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' என்றே ஒரு காதை இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு வந்து முதலில் தங்கியது மதிலுக்கு வெளியே, அறவோர் வாழ்ந்த புறஞ்சேரியில். அங்கே ஒரு குறையும் வரவில்லை. சிலம்பை விற்க நகருக்குள் போனவன்தான் திரும்பவில்லை.

பத்திரிகைக்காரர்கள் மீது உங்களுக்குள்ள கோபத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு. ரயில், பேருந்து, நகருக்குள் வேலைக்குப் போய் வரும் நேரம் என்று நகரத்தோடு உள்ள உறவைப் பேசினால் புறநகர்வாசி சரியான சொல். உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால், நின்ற இடத்தின் பெயரை எழுதுவதுதான் முறை. ஊர்ப்பெயர் விசாரிக்கச் சோம்பல்பட்டு 'புறநகர்வாசிகள்' என்று மொத்தமாகக் கட்டிப் போடுகிறோம். போன மாதம் இதே பத்திரிகையில் ஒரு படத்துக்கு அப்படித்தான் வரி எழுதியிருந்தது. எழுதியது நான்தான். அடுத்த முறை 'குரோம்பேட்டை மக்கள்' என்றே போடுகிறேன். ஊரப்பாக்கத்திலிருந்து கடிதம் வராமல் இருக்க வேண்டும்.